சோறு கேட்கலாம், முகம் பார்க்கலாகாதோ?

மாலை நான்கு மணி. பள்ளிக்கூட வாசல். மணி அடித்ததும் கூண்டு திறந்த குருவிகளைப் போலப் பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். சாலையின் எதிர்ப்புறம், வேப்பமரத்தடியில், ஒரு முதியவர் நின்றுகொண்டிருக்கிறார். கையிலே ஒரு பொட்டலம் கடலை மிட்டாய். அவர் கண் ஒரே ஒரு பிள்ளையைத் தேடுகிறது. அந்தப் பிள்ளையும் அவரைப் பார்த்துவிடுகிறது. ஓடிவரக் கால் எடுக்கிறது. அதற்குள் ஒரு கை அதன் தோளைப் பற்றி இழுத்துக்கொண்டு போகிறது. பொட்டலம் முதியவர் கையிலேயே தங்கிவிடுகிறது.

இது நாடகக் காட்சி அன்று. தொழிலாளர் குடியிருப்புகளில் வாழ்கிற நம் தோழர்கள் கண்ணால் காணுகிற காட்சி. முப்பது ஆண்டு தறியின் முன்னே நின்று காதும் கண்ணும் மங்கிப்போன தொழிலாளி. மகனும் மருமகளும் வேலைக்குப் போனபோது, பிள்ளையைத் தூளியில் ஆட்டியவர் அவர்; பால்வாடிக்குத் தூக்கிச் சென்றவர் அவர்; காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றவள் அவர் மனைவி. மகன் விபத்திலே மாண்டான். மருமகள் பிள்ளையோடு பிறந்தகம் போனாள். அல்லது மகள் மாண்டாள்; மருமகன் மறுமணம் செய்துகொண்டு, பழைய உறவு வேண்டாமென்று கதவைச் சாத்தினான். அல்லது இருவரும் உயிரோடிருக்கிறார்கள், மணம் முறிந்துவிட்டது. வழி எதுவாயினும் முடிவு ஒன்றுதான்: பாட்டன் தெருவில் நிற்கிறார், பாட்டி வீட்டில் அழுகிறாள், பிள்ளை நடுவிலே தவிக்கிறது.

அந்த முதியவருக்குச் சட்டம் என்ன வழி காட்டுகிறது? அந்தப் பிள்ளைக்கு என்ன வழி காட்டுகிறது? இதையே இன்று நாம் ஆராய எடுத்துக்கொள்கிறோம்.

வேடிக்கையைக் கேளுங்கள், தோழர்களே! 2007ஆம் ஆண்டு இந்திய நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் என்று அதற்குப் பெயர். நல்ல சட்டம், நாம் வரவேற்ற சட்டம். தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள இயலாத முதியவர், மகன் மகள் மீது மட்டுமல்ல, பேரன் பேத்தி மீதும் மனுக் கொடுக்கலாம். கோட்டாட்சியர் தீர்ப்பாயமாக அமர்ந்து விசாரிப்பார். மாதம் 10,000 ரூபாய்க்கு மேற்படாமல் பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிடலாம் என்று எழுதினார்கள். மனுவை 90 நாட்களில் முடிக்க வேண்டும் என்று கெடுவும் வைத்தார்கள். ஒரே ஒரு வரம்பு: அந்தப் பேரனோ பேத்தியோ வயது வந்தவராக இருக்க வேண்டும்.

இதன் பொருள் என்ன? பேரனுக்கு 18 வயது நிரம்பட்டும், அவன் சம்பாதிக்கட்டும். அப்போது "எனக்குச் சோறு போடு" என்று பாட்டன் சட்டத்தின் துணையோடு போய்க் கேட்கலாம். அதே பேரன் 6 வயதுப் பாலகனாக இருக்கும்போது "உன் முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்" என்று கேட்க அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் கிடையாது! மடியிலே வைத்துக் கொஞ்ச முடியாமற்போன பாட்டனுக்கு, எந்தப் பாசத்தை நினைத்துச் சோறு போடுவான் அந்த இளைஞன்? விதைக்கும் காலத்தில் வேலி போட்டுத் தடுத்துவிட்டு, அறுவடைக் காலத்தில் அரிவாளை மட்டும் கையிலே கொடுக்கிறது சட்டம்.

வேறு சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1890ஆம் ஆண்டு, வெள்ளையராட்சியிலே பிறந்த காப்பாளர், காக்கப்படுவோர் சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. உறவினர் எவரும் "இந்தப் பிள்ளைக்கு என்னைக் காப்பாளராக நியமியுங்கள்" என்று அதன்படி மனுச் செய்யலாம். ஆக, பாட்டன் முழுப் பிள்ளையையும் கேட்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கேட்பதற்கு, பாட்டன் பாட்டி பெயர் சொல்லி எழுதப்பட்ட வழி அதிலே இல்லை. 1956ஆம் ஆண்டு இந்து இளவர், காப்பாளர் சட்டம் தந்தையைச் சொல்லுகிறது, அவருக்குப் பின் தாயைச் சொல்லுகிறது. தந்தையைப் பெற்றவரையும் தாயைப் பெற்றவளையும் இயற்கைக் காப்பாளர் பட்டியலில் அது சேர்க்கவில்லை.

1984ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டத்தில் மட்டும் ஒரு சிறு இடுக்கு உண்டு. பிள்ளையின் பொறுப்பு பற்றிய வழக்கோடு, பிள்ளையைச் சென்று பார்ப்பது பற்றிய வழக்கையும் அந்த நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று அது சொல்லுகிறது. யார் யார் அப்படிக் கேட்கலாம் என்று விளக்கவில்லை. ஆகவே இரக்கமுள்ள நீதிபதி அமைந்தால் பாட்டனுக்கு வழி பிறக்கிறது, அமையாவிட்டால் இல்லை. நீதிபதியின் நெஞ்சத்து ஈரத்தைப் பொறுத்துக் கிடைப்பது சலுகை. சட்டத்தின் எழுத்தைப் பொறுத்துக் கிடைப்பதுதான் உரிமை. போனஸ் முதலாளியின் தயவா, தொழிலாளியின் உரிமையா என்று போராடிய தோழர்களுக்கு இந்த வேறுபாட்டை நாம் விளக்க வேண்டியதில்லை.

சிறு கதவு இல்லாததால் விளையும் கேட்டையும் பார்க்க வேண்டும். பேரனைப் பார்க்க விரும்புகிற பாட்டனிடம் வக்கீல் என்ன சொல்லுவார்? "பிள்ளையையே கேட்டு வழக்குப் போடுங்கள், பேரத்தில் பார்க்கும் நேரமாவது கிடைக்கும்" என்றுதான் சொல்லத் தோன்றும். பிள்ளையையே கேட்டு வழக்கு வந்ததும் தாய் நடுங்குகிறாள். "பிடுங்கிக்கொண்டு போகப் பார்க்கிறார்கள்" என்று இருக்கிற கதவையும் தாழிடுகிறாள். பார்க்க வேண்டும் என்ற ஆசை, பறிக்க வேண்டும் என்ற போராக மாறிவிடுகிறது. இந்தப் போரை மூட்டுவது மாமியாரின் மனமும் அல்ல, மருமகளின் மனமும் அல்ல. சட்டத்தில் உள்ள ஓட்டை!

மற்ற நாடுகள் இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தன என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, நம் வீட்டுக்குத் திரும்புவோம்.

பிரான்சு நாட்டிலே 1857ஆம் ஆண்டிலேயே உயர்ந்த நீதிமன்றம், பேரப்பிள்ளையைப் பார்க்கும் உரிமை பாட்டன் பாட்டிக்கு உண்டு என்று ஏற்றுக்கொண்டது. 1970ல் அதைச் சட்டமாக எழுதினார்கள்: தகுந்த பெருங்காரணமின்றிப் பெற்றோர் அந்த உறவைத் தடுக்கலாகாது என்று. 2002ல் அந்த எழுத்தைத் திருத்தினார்கள். திருத்தத்தின் நுட்பத்தைக் கவனியுங்கள். அதன்பின் அது பாட்டனின் உரிமை அன்று. தன் முன்னோரோடு உறவு கொள்ளும் பிள்ளையின் உரிமை! 2007ல் மேலும் ஒரு படி சென்று, பிள்ளையின் நலன் ஒன்றே அந்த உரிமைக்குத் தடையாக நிற்க முடியும் என்று எழுதினார்கள். கிழவரின் கண்ணீர் அளவுகோல் அன்று, தாயின் கோபமும் அளவுகோல் அன்று. பிள்ளையின் நலனே அளவுகோல்.

இங்கிலாந்து வேறு வழி போயிற்று. அங்கே 1989ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டப்படி, பாட்டன் பாட்டி பொதுவாக நேரே மனுப்போட முடியாது. மனுப்போட அனுமதி கேட்டு முதலில் ஒரு மனுப்போட வேண்டும். வாசலில் ஒரு காவல், வாசலுக்கு முன்னே இன்னொரு காவல்.

அமெரிக்காவின் கதை நமக்கு இன்னொரு பாடம். ஐம்பது மாநிலங்களும் பாட்டன் பாட்டிக்காகச் சட்டம் செய்துவிட்ட நாடு அது. அவற்றில் வாஷிங்டன் மாநிலம் தாராளத்தின் எல்லைக்கே போயிற்று. எவரும், எந்த நேரத்திலும், பிள்ளையைப் பார்க்க அனுமதி கேட்கலாம் என்று எழுதிவைத்தது. அங்கே ஒரு தந்தை 1993ல் தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். இரண்டு பெண் குழந்தைகள். மகனைப் பறிகொடுத்த பாட்டனும் பாட்டியும், மாதத்தில் இரண்டு வார இறுதிகளும் கோடையில் இரண்டு வாரமும் பேத்திகள் தங்களோடு தங்க வேண்டும் என்று கேட்டார்கள். தாய் கதவை அடைக்கவில்லை. மாதம் ஒரு நாள் வரட்டும், இரவு தங்க வேண்டாம் என்றாள். 1995ல் கீழ் நீதிமன்றம் மாதம் ஒரு வார இறுதி, கோடையில் ஒரு வாரம், பாட்டன் பாட்டி பிறந்தநாள் ஒவ்வொன்றிலும் 4 மணி நேரம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தது. வழக்கு ஏறி ஏறி நாட்டின் உச்ச நீதிமன்றம் சென்றது. 2000ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், ஒன்பது நீதிபதிகளில் அறுவர் தாயின் பக்கம் நின்றனர். தகுதியுள்ள ஒரு தாய் தன் பிள்ளைக்கு எது நல்லது என்று முடிவு செய்தால், அந்த முடிவுக்குத் தனி மதிப்புக் கொடுக்க வேண்டும். நீதிபதிக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது என்பதற்காக அதைத் தள்ளிவிட முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

மனுப் போட்டது 1993. முடிவு வந்தது 2000. ஏழு ஆண்டுகளில் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். கதவே இல்லாத வீடும் தவறு, எவரும் எந்த நேரமும் நுழையும் சத்திரமும் தவறு. இதுதான் அங்கிருந்து நாம் கற்க வேண்டியது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நாம் பாட்டனுக்காகப் பரிந்து பேசுகிறோம், உண்மை. ஆனால் ஒருபக்கக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பேசமாட்டோம். மருமகள் ஏன் கதவைச் சாத்துகிறாள் என்றும் கேட்க வேண்டும்.

தொழிலாளி ஒருவன் வேலையில் மாண்டுபோகிறான். பிணம் வீடு வந்து சேருமுன் பேச்சுக் கிளம்பிவிடுகிறது. நட்டஈடு யாருக்கு? சேமநிதிப் பணம் யாருக்கு? வாரிசு வேலை மனைவிக்கா, தம்பிக்கா? "ராசியில்லாதவள், வந்தாள், என் மகனைத் தின்றாள்" என்று ஒரு குரல். இருபத்தைந்து வயதுப் பெண், தாலி இழந்த பெண், இத்தனையையும் கேட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். மூன்று மாதம் கழித்து அதே குரல் "எங்கள் ரத்தம், எங்கள் பேரன், எங்களிடம் கொடு" என்று கேட்டால் அவள் எப்படி நம்புவாள்? அவள் மறுமணம் செய்துகொள்ள நினைத்தால் "எங்கள் குடும்பத்துப் பிள்ளை இன்னொருவன் வீட்டிலா?" என்று அரிவாள் தூக்குகிறவர்களும் இந்த நாட்டில் இருக்கிறார்கள். பார்க்கும் உரிமை என்ற பெயரில் ஒரு விதவையின் கழுத்திலே கயிறு மாட்டும் சட்டத்தை நாம் ஒருநாளும் கேட்கமாட்டோம்.

மறுபுறமும் உண்டு. வரதட்சணைக் கொடுமையிலே மகளைப் பறிகொடுத்த தாயையும் தந்தையையும் நினைத்துப் பாருங்கள். மகளும் போனாள், மகள் பெற்ற பிள்ளையும், அவளை வாட்டியவர்கள் வீட்டிலேயே. அந்தப் பிள்ளையின் முகத்தில் தங்கள் மகளைத் தேடுகிற அந்த இருவருக்கும் வழி வேண்டாமா?

இங்கே இன்னொரு பழைய பழக்கத்தையும் தட்டிக் கேட்க வேண்டியிருக்கிறது. 2021ல் கொரோனா கொள்ளைநோயில் அகமதாபாத்தில் ஒரு சிறுவன் தாய் தந்தை இருவரையும் இழந்தான். அவனை யார் வளர்ப்பது என்று வழக்கு. தந்தையைப் பெற்ற பாட்டன் 71 வயதுக்காரர், ஓய்வூதியக்காரர். எதிர்ப்புறம் தாயின் உடன்பிறந்தாள். வயதில் இளையவர், மத்திய அரசு ஊழியர். குஜராத் உயர்நீதிமன்றம் பிள்ளையை அந்தப் பெண்மணியிடம் ஒப்படைத்தது. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிப் பாட்டனிடம் கொடுத்தது. வயதும் வருமானமும் பெரிய குடும்பமும் மட்டுமே அளவுகோல் ஆகா என்றது. நல்ல வாசகம், ஏழைப் பாட்டன் நெஞ்சில் பால் வார்க்கும் வாசகம். பணப்பையின் கனத்தை வைத்துப் பாசத்தை எடைபோடாதே என்று நாம் சொல்லிவருவதையே அந்தத் தீர்ப்பும் சொல்லிற்று. ஆனால் கூடவே, நம் சமுதாயத்தில் தந்தைவழிப் பாட்டன் பாட்டியே பேரனை எப்போதும் நன்றாகப் பார்த்துக்கொள்வர் என்ற கருத்தும் அதிலே இடம்பெற்றது. அதை நாம் ஏற்பதற்கில்லை. அம்மாவைப் பெற்றவள் ஒரு படி கீழா? பிள்ளைக்குத் தெரியுமா தந்தைவழி, தாய்வழி என்ற வரப்பு? தூக்கி வளர்த்த கை எது என்றுதான் அதற்குத் தெரியும்.

ஆகவே நாம் சொல்ல வருவது இதுதான். இந்த உரிமை கிழவரின் சொத்துரிமை அன்று; பிள்ளையின் உறவுரிமை. அப்படி எழுதினால்தான் பாட்டனுக்கும் நீதி, தாய்க்கும் நீதி. அந்த அடிப்படையில் ஐந்து கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது: தாய்வழி, தந்தைவழி என்ற பேதமின்றி, தன் பாட்டன் பாட்டியோடு உறவு கொள்ளும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்று சட்டத்தில் தெளிவாக எழுத வேண்டும். எல்லா மதத்தாருக்கும் பொருந்துகிற 1890ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அதை எழுதலாம்.

இரண்டாவது: பிள்ளையை வளர்க்கிற தாயின் சொல்லுக்கு, அல்லது தந்தையின் சொல்லுக்கு, தனி மதிப்புத் தர வேண்டும். அடித்து விரட்டிய வீடு, மிரட்டுகிற வீடு, சாதி வெறி பிடித்த வீடு என்று தெரிந்தால் கதவு திறக்கக்கூடாது.

மூன்றாவது: பார்க்கக் கேட்கும் மனு வேறு, பிள்ளையையே கேட்கும் வழக்கு வேறு என்று பிரிக்க வேண்டும். சிறு கதவு தனியாக இருந்தால் பெரிய கதவை எவரும் உடைக்க வரமாட்டார்கள்.

நான்காவது: நட்டஈடு, சேமநிதி, வாரிசு வேலை ஆகிய எந்தப் பணச் சிக்கலையும் இந்த மனுவோடு முடிச்சுப் போடக்கூடாது. "கையெழுத்துப் போடு, பிள்ளையைக் காட்டுகிறேன்" என்ற பேரமும் வேண்டாம். "பணத்தைக் கொடு, வழக்கை விடுகிறேன்" என்ற பேரமும் வேண்டாம். பிள்ளை பணயப் பொருள் அல்ல.

ஐந்தாவது: இந்த மனுவுக்குக் கட்டணம் கூடாது, காலக்கெடு வேண்டும். சோற்றுக்கு 90 நாள் கெடு வைக்கத் தெரிந்தவர்களுக்குப் பாசத்துக்குக் கெடு வைக்கத் தெரியாதா? எழுபது வயதுக்காரருக்கு ஐந்தாண்டு வழக்கு என்பது வாய்தா அல்ல, தள்ளுபடி! குடும்ப நீதிமன்றத்தில் ஆலோசகர்கள் இருக்கவேண்டுமென்று 1984ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லுகிறது. முதலில் அவர்கள் இருதரப்பையும் உட்கார வைத்துப் பேசட்டும். பேச்சு முறிந்தால் மட்டுமே வழக்கு நடக்கட்டும்.

இவை நாம் கனவிலே கண்டெடுத்தவை அல்ல. 2015ஆம் ஆண்டு இந்தியச் சட்ட ஆணையம் தன் 257ஆம் அறிக்கையில், பிள்ளைகளின் பொறுப்பு பற்றிய சட்டங்களைத் திருத்தப் பரிந்துரைத்தது. பாட்டன் பாட்டியோடு பிள்ளை கழிக்கும் நேரத்துக்கும் நெறிமுறை வேண்டுமென்றது. அறிக்கை அச்சேறிற்று, சட்டம் ஏறவில்லை. டெல்லியின் அலமாரிகளில் தூசு தின்னும் எத்தனையோ நல்ல காகிதங்களில் அதுவும் ஒன்று.

"வீட்டுக்குள் நடப்பதில் சட்டத்துக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்பார்கள். புதிய கேள்வியா இது? குழந்தை மணத்தைத் தடுக்க 1929ல் சட்டம் வந்தபோதும் வைதிகர் இதைத்தான் கேட்டனர். 1989ல் தமிழ்நாடு பெண்ணுக்குக் குடும்பச் சொத்தில் சம பங்கு கொடுத்தபோதும், "அண்ணன் தங்கை உறவு கெட்டுவிடும்" என்று அங்கலாய்த்தவர்கள் உண்டு. உறவு கெட்டா போயிற்று? 2005ல் இந்தியா முழுவதுக்கும் அந்த உரிமை வந்தது. சட்டம் பாசத்தை உண்டாக்க முடியாது, நாமும் அறிவோம். ஆனால் பாசத்துக்குக் குறுக்கே நிற்கும் சுவரில் ஒரு சன்னலை வைக்கச் சட்டத்தால் முடியும்.

சட்டம் வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. நம் தோழர்களுக்கு ஊரிலே மதிப்பு இருக்கிறது, படிப்பகம் இருக்கிறது, சங்க அலுவலகத்தில் இரண்டு பெஞ்சு இருக்கிறது. இறந்துபோன தொழிலாளியின் நட்டஈட்டுக்காக அலைகிற நாமே, அவன் விட்டுச்சென்ற பிள்ளைக்காகவும் ஒரு மாலைப்பொழுது செலவிடலாம். ஆனால் போகும்போது கிழவரின் நண்பராக மட்டும் போகாதீர்கள். முதலில் அந்த இளம் தாயிடம் போங்கள். நம் மகளிர் தோழர்களை உடன் அழைத்துச் செல்லுங்கள். "உனக்கு என்ன அச்சம், தங்கச்சி?" என்று கேளுங்கள். அவள் சொல்லும் அச்சத்துக்கு விடை தேடிக் கொடுத்துவிட்டு, அதன்பிறகு பாட்டனின் ஏக்கத்தைச் சொல்லுங்கள். சேமநிதிப் பணம் சண்டையில்லாமல் அவள் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், பல வீடுகளில் கதவு தானே திறக்கும். வாக்குக் கேட்டு வரும் வேட்பாளர் எந்தக் கட்சிக்காரராயினும், இந்த ஐந்து கோரிக்கைகளையும் அவர் முன் வையுங்கள். டெல்லியில் பேசுவாரா என்று கேளுங்கள்.

நாளையும் மாலை நான்கு மணிக்குப் பள்ளிக்கூட மணி அடிக்கும். வேப்பமரத்தடியில் அந்த முதியவர் நிற்பார். அவருக்கு இன்னும் எத்தனை மாலைகள் மிச்சமிருக்கின்றன என்று எவருக்கும் தெரியாது. பிள்ளைக்கோ, ஆறு வயது ஒருமுறைதான் வரும். ஆளவந்தார்களே, அலமாரியைத் திறந்து அந்த அறிக்கையை எடுங்கள். அவர் கையிலுள்ள பொட்டலம், உரிய கைக்குப் போய்ச் சேரட்டும்!